பின் அச்சின் முனகல்



இந்த நாட்டுக்கு வந்து காலூன்றும் குடும்பங்கள் பல, கடைச் சாமான் ஏற்றவும் வீடு மாறவும் வேலைக்குப் போகவும் முதலில் ஒரு பழைய பிக்கப்பைத்தான் அல்லது வானைத்தான் வாங்குகின்றன. நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். அதன் பின் அச்சு விடயத்தில் நாங்கள் விட்ட பிழையை நீங்களும் விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

2003 ஆம் ஆண்டு இரண்டு குடும்பங்கள் காசு சேர்த்து, ஒரு பழைய ஃபொல்க்ஸ்வாகன் ராறோ பிக்கப் எடுத்தோம். பெயர்தான் ஜேர்மன் பெயர். ஆள் எங்கள் ஊரில் ஓடித்திரிந்த ரொயோட்டா ஹைலக்ஸ்தான். 1989 முதல் 1997 வரை அதை இந்தப் பெயரில் ஜேர்மனியிலேயே, முதலில் ஹனோவர் தொழிற்சாலையில், கட்டினார்கள். ஊர்முகம் ஒன்றைக் கண்ட சந்தோசத்தில், கீழே குனிந்து பார்க்காமலே வாங்கிவிட்டோம். சனிக்கிழமைகளில் மரக்கறியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு றூர் பகுதித் தமிழ் வீடுகளுக்குப் போவோம். இரண்டு வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது.

அந்தக் குளிர்காலத்திலேயே, வாகனம் நிற்கும் இடத்தில் பின் அச்சுக்கு நேர் கீழே ஒரு கறுத்தப் பொட்டு விழத் தொடங்கியது. கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுக் காட்டினார். நாங்கள் ஒரு காட்போட் மட்டையை விரித்து நிலத்தை மறைத்தோம். ஒயில் சொட்டுவது நிற்கவில்லை.

பின் அச்சின் நடுவில் பானை மாதிரிப் புடைத்து நிற்பதுதான் டிபரன்சல். ஊர் மாட்டுவண்டியில் இரண்டு சில்லும் அச்சில் தனித்தனியே சுழலும். அதனால் வளைவில் சிக்கல் இல்லை. ஆனால் எஞ்சின் இரண்டு சில்லையும் தள்ள வேண்டிய வாகனத்தில், வளைவில் வெளிச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்சில்லு குறைய ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாய்ப் பூட்டினால் ரயர் உரசும், அச்சு முறுகும். டிபரன்சலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் இந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. 1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. பற்கள் பெரும் பாரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுழலும். இடையில் ஒயில் இல்லையென்றால் இரும்பை இரும்பு தின்னும்.

அடுத்த வருடம் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு இளநீரும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். இரண்டு பிள்ளைகளும் முன்னுக்கு எங்களோடு. இன்னொரு காரில் வரவேண்டிய அண்ணர் ஒருவர், இடமில்லாமல் எங்களோடு ஏறிக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை செய்தவர். எண்பதில் ஓடும்போது பின்னால் ஒரு முனகல். பிள்ளைகள் பாட்டைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினோம்.

“தம்பி, உந்தப் பாட்டை நிப்பாட்டு. பின்னாலை ஒண்டு அழுகிது, கேக்கேல்லையே?” என்றார் அண்ணர்.

காலை எடுத்து விடச் சொன்னார். முனகல் வேறு குரலுக்கு மாறியது. திரும்ப மிதிக்கச் சொன்னார். பழைய குரல் வந்தது. “அடுத்த வாசலாலை இறங்கு” என்றார். ஓட்டோபானை விட்டு இறங்கி நிறுத்தியதும் அந்தப் புடைப்பில் தண்ணீர் தெளித்தார். சட்டியில் விழுந்தது போலப் பொரிந்தது. இப்படியே ஓடியிருந்தால் உள்ளே இறுகி, பின்சில்லுகள் ஓட்டத்திலேயே பூட்டுப்பட்டிருக்கும் என்று அவர் சொன்னபோது, நாங்கள் பிள்ளைகளைப் பார்த்தோம். யாரும் எதுவும் கதைக்கவில்லை. சாமான்களை இன்னொருவரின் வான் வந்து ஏற்றியது.

பிறகு திறந்து பார்த்தபோது அரை லீற்றர் ஒயில்கூட வரவில்லை. வந்ததிலும் இரும்புத் துகள்கள் மின்னின. பினியன் பெயறிங்கும் பற்களும் போய்விட்டன. உடைத்து விற்கும் இடத்தில் பழைய அச்சு ஒன்று எடுத்துப் பூட்டும்வரை ஆறு கிழமை வாகனமில்லை, வியாபாரமுமில்லை. இத்தனைக்கும் காரணம் ஒரு சிறிய ஒயில் சீல்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆட்கள் நாங்கள். அங்கே ஒயில் அரிது. ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றே சாவியை எடுத்துக்கொண்டு கீழே படுப்போம். இங்கே கடை நிறைய ஒயில் இருக்கிறது. நாங்கள் மட்டையை விரித்தோம்.

அண்ணரிடம் படித்ததைச் சொல்கிறோம். முதலில், உங்கள் வாகனத்துக்குப் பின்சில்லு ஓட்டமா என்று பாருங்கள். முன்சில்லு ஓட்ட வான்களில் பின்னுக்கு டிபரன்சல் இல்லை.

சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். மிதிக்கும்போது ஒரு குரல், விடும்போது இன்னொரு குரல் என்றால் பினியன் பக்கம் கோளாறு. வளைவில் மட்டும் கடகடத்தால் உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்கள். வேகத்தோடு கூடி, வளைவில் பாரம் மாறும்போது குரல் மாறினால் சில்லுப் பெயறிங். தார் மாறும்போது மாறினால் ரயர். முன்னுக்கும் பின்னுக்கும் கீயர் மாற்றும்போது ‘டக்’ என்றால், டிபரன்சலைக் கழற்றுமுன் நீள சாப்ற்றின் யூனிவர்சல் ஜொயின்ற்றைப் பாருங்கள்.

ஒயில் பார்க்க வாகனம் சமதரையில், ஆறிப்போய் நிற்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவேண்டாம். நிரப்பும் துவாரத்தின் மூடியை முதலில் கழற்றுங்கள். அது கழராவிட்டால் கீழ் மூடியைத் தொடாதீர்கள். ஒயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்பீர்கள். பொதுவாக ஒயில் அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்புவரை நிற்கவேண்டும். மூடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. துண்டு இரும்பு இருந்தால் பயப்படுங்கள். ஒயில் பால் நிறமானால் தண்ணீர் போயிருக்கிறது. அச்சின் மேலே ஒரு சிறு மூச்சுத் துவாரம் உண்டு. அது சேற்றால் அடைபட்டால் உள்ளே காற்று முட்டி, நல்ல சீலும் ஒழுகும். சில்லுப் பக்கம் ஒழுகினால் ஒயில் பிறேக்கில் படும். அன்றைக்கே நிறுத்துங்கள்.

இவ்வகை அச்சுகளுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.5 தர ஒயில்தான். தடிப்பையும் அளவையும் வாகனப் புத்தகத்தில் பார்த்து வாங்குங்கள். கீயர்பெட்டிக்கு வேறு தரம் கேட்டிருந்தால் இதை அதற்குள் ஊற்றாதீர்கள். பின்னுக்கு இரண்டு ரயரும் ஒரே அளவாக இருக்கட்டும். பனியில் ஒரு சில்லு மட்டும் சுற்றினால் மிதித்துக்கொண்டே நிற்கவேண்டாம், சிறு பற்கள் எரிந்துபோகும்.

பழைய ஒயிலை மண்ணிலோ கானிலோ ஊற்றுவது இங்கே குற்றம். வாங்கிய பற்றுச்சீட்டை வைத்திருங்கள். விற்ற கடை, அதே அளவு பழைய ஒயிலைக் காசில்லாமல் திருப்பி எடுக்கவேண்டும். சொட்டுகின்ற அச்சோடு ரியூவ் சோதனைக்குப் போனால் திருத்திக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பக்கூடும்.

வேர்க்ஸ்ராட்டில் மொழி முட்டினால் சில சொற்கள் உதவும். பின் அச்சு ஹின்டர்ஆக்ஸெ. டிபரன்சலுக்கு டிஃபரென்சியால் என்றாலே விளங்கும். ஒயில் சீலை இங்கே ஸிம்மரிங் என்பார்கள். வேலைக்கு முன் கோஸ்டன்ஃபொரான்ஷ்லாக், அதாவது செலவு மதிப்பீடு, எழுத்தில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

குளிர்கால ரயரை ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர்வரை என்று இங்கே கணக்கு வைப்பார்கள். ரயர் மாற்றும் அந்த இரண்டு நாளும் டிபரன்சலையும் ஒருமுறை பாருங்கள். கால் மணித்தியால வேலை. நாங்கள் இப்போதும் அப்படித்தான் செய்கிறோம். அண்ணர் இன்று எங்களோடு இல்லை. மூடியைக் கழற்றும்போதெல்லாம், பாட்டை நிப்பாட்டச் சொன்ன அவர் குரல் எங்களுக்குக் கேட்கிறது.