தமாமும் தலைநகரும்

வேலைக்காகவும் படிப்புக்காகவும் பெங்களூர் வந்து சேரும் சித்தி இளைஞர்கள், சுருள்முடியும் கருநிறமும் கொண்ட தம் தோற்றத்தால் வெளிநாட்டு மாணவர்களாகவே கருதப்பட்டு, சரளமாகக் கன்னடம் பேசிய பிறகும் ‘எந்த நாடு?’ என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர்களாக இருக்கின்றனர். போர்த்துக்கீசியரால் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் தப்பியும் விடுபட்டும் உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபுரம், ஹளியாள் பகுதிக் காடுகளில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே கர்நாடகச் சித்திகளில் பெரும்பாலோர். 2003-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இவர்களிடையே இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயத்தவரும் உண்டு.

இவர்களுடைய பாட்டு மரபின் நடுவில் நிற்பது தமாம், அதாவது இருபுறமும் தோல் போர்த்த முழவு. முழவின் பெயரே ஆட்டத்துக்கும் ஆகிவந்துள்ளது. சுவாகிலி மொழியின் ‘ங்கோமா’ என்ற சொல்லும் முழவையும் ஆட்டத்தையும் ஒருங்கே குறிப்பது என்பதும், குசராத்துச் சித்திகளின் ஆட்டத்துக்குக் ‘கோமா’ என்று பெயர் என்பதும் இங்கு எண்ணத்தக்கவை. ஆனால் தமாம் பாட்டில் ஆப்பிரிக்கச் சொற்களைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் பெரும்பாலும் ஏமாறவே நேரும். கொங்கணியும் மராத்தியும் கன்னடமும் கலந்த பேச்சே பாட்டின் மொழியாக இருக்க, பெண்கள் சுழன்றாடும் ‘புகடி’யோ அக்கம்பக்கத்துக் கொங்கண மக்களுக்கும் உரியது. இதை இழப்பு என்று மட்டும் கொள்வது பிழை. தாளம் வந்த வழியைச் சொல்கிறதென்றால், சொல் வேரூன்றிய மண்ணைச் சொல்கிறது. இலங்கையின் புத்தளப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் ‘மஞ்சா’ பாடல்களோ, போர்த்துக்கீசியக் கலப்புமொழி அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவரும் நிலையிலும், அம்மொழியிலேயே பாடப்படுகின்றன.

2021-இல் வெளிவந்த ‘சலக’ என்னும் கன்னடத் திரைப்படத்துக்காக, சரண்ராஜ் இசையில் கிரிஜா சித்தி உள்ளிட்ட சித்திக் கலைஞர்கள் பாடிய பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஊர் கூடி ஆடும் ஆட்டத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்குவது மரபைச் சிதைப்பதாகும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும், தம்மை அயலாராக எண்ணும் நகரமே தம் பாட்டுக்கு ஆடக் காண்பது, தோற்றத்துக்காகக் கூச வைக்கப்பட்ட இளைஞருக்கு எளிய செய்தியன்று. தூய்மை பேசும் அறிஞர் இதற்குச் சற்றே இடம் கொடுக்கலாம்.

பாட்டில் மட்டுமன்று, தலைநகரின் அவையிலும் சித்திகளுக்கு இடம் கிடைத்துள்ளது. அப்படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 2020-இல், சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மாநிலச் சட்டமன்றத்துக்குள் சென்ற முதல் சித்தி அவரே.