சுண்ணாம்பு தடவாத கலயம்

கப்பல்களிலும் விடுதிகளிலும் முப்பது ஆண்டுகள் திராட்சை மதுவைச் சுவைத்து அபிப்பிராயம் கூறுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த நான், அத்தொழிலின் பால பாடத்தைப் பட்டாபிராமில், சிறு பிராயத்தில், விடியற்காலையில் வாங்கிப் பருகிய பதநீரிலேயே கற்றேன் என்றால் நண்பர்கள் நகைக்கிறார்கள். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் பதநீர். தடவாத கலயத்தில் வடிந்தால் கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே; காவல்தான் பேதம்.

திராட்சை மதுவில் சுண்ணாம்பின் ஸ்தானத்தை வகிப்பது கந்தகம். பிரான்ஸின் பொஜொலே பிரதேசத்து ரசாயன வல்லுநரும் மது வியாபாரியுமான ஜூல் ஷோவே (1907–1989), கந்தகமின்றி, பழத்தோடு வரும் ஈஸ்டைக் கொண்டே நல்ல மது ஆக்கலாம் என்று காட்ட, மோர்கோன் கிராமத்து மார்செல் லாப்பியர் முதலியோர் 1980களில் அவ்வழியைக் கைக்கொண்டனர். அவர்கள் கையாண்ட பழம், கமே என்னும் கருந்திராட்சை.

அத்தகைய மோர்கோன் புட்டி ஒன்றை, உஷ்ணம் மிகுந்த 2022ஆம் ஆண்டினதை, என் தங்கை மகன் சென்ற சித்திரையில் கொண்டுவந்தான். சிவப்பு மதுவை அறையின் உஷ்ணத்திலேயே பருக வேண்டும் என்பது குளிர்நாட்டு அறைகளுக்கு ஏற்பட்ட விதி. எங்கள் கூடத்திலோ 34 டிகிரி. ஆகவே மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 14 டிகிரி அளவில் ஊற்றினேன்.

முகர்ந்ததும் கனிந்த நாவற்பழம். அதன் பின்னே, கம்பம் பன்னீர்த் திராட்சையை நினைவூட்டும் மெல்லிய மலர்மணம். வாயில் துவர்ப்பு சொற்பம், இனிமை தாராளம், புளிப்பு மந்தம். அந்த மந்தமே என்னை நிதானிக்கச் செய்தது. வெயில் மிகுந்த ஆண்டில் பழத்தில் சர்க்கரை ஏறப் புளிப்பு இறங்கும். கிருமிகளைத் தடுப்பதில் புளிப்பும் ஒரு காவலாதலால், கந்தகமும் இல்லாத புட்டியில் இரு வாயில்களும் திறந்தே கிடக்கும்.

அப்போது நுழையக்கூடிய குற்றங்களுள் விபரீதமானது எலி நாற்றம். மதுவின் புளிப்பு அதனை ஆவியாக விடாமல் அடக்கி வைத்திருப்பதால் மூக்குக்கு அது தட்டுப்படுவதில்லை. உமிழ்நீர் கலந்து புளிப்பு தணிந்த பிறகே, தொண்டையின் பின்புறத்திலிருந்து மெல்ல எழும். எனவே துப்பிவிட்டு, வாய் திறவாமல், அரை நிமிஷம் காத்திருந்தேன். ஒன்றும் எழவில்லை.

"எப்படி மாமா இருக்கு?" என்றான் பையன்.

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் மாலை, தக்கையிட்டு வைத்திருந்த மீதியைச் சுவைத்துக் காத்திருந்தபோது, எலி வளையின் அந்த வாடை இலேசாகத் தலைகாட்டிற்று. அவன் முகம் வாடியது. அதில் வருந்த என்ன இருக்கிறது? காலைப் பதநீரை மாலை வரை வைத்திருந்து குறை கூறுவார் எங்கள் ஊரில் இல்லை.