இரைச்சல் மிகுதி, தேவையில்லை

அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. ஒருவர் நினைவு தடுமாறிய இடத்தில் மற்றவர் திருத்தியிருக்கிறார். இருவர் நினைவும் ஒத்துப்போகாத செய்திகளை விட்டுவிட்டோம்.

எங்களுக்குப் பொதுவான பைத்தியங்கள் மூன்று: கணினி, திரையிசை, தொலைக்காட்சி. பின்னிரண்டையும் எங்களுக்குத் தொற்றவைத்தவர் அப்பா. முதலாவதை நாங்கள் அவருக்குத் தொற்றவைக்க முயன்று தோற்றோம். தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவருக்குச் சம்பளம் சிறிது, ரசனையோ பெரிது. வீட்டில் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும், ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட டேப் ரெக்கார்டர் ஒன்றும் இருந்தன. மொட்டை மாடியில், இரும்புக் குழாயின் உச்சியில், மீன் முள்ளைப் போல ஓர் ஆண்டெனா நின்றது.

அந்த ஆண்டெனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையின் ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியிலிருந்து அது ஒளிபரப்பானதால், இடையில் கடல் தவிர வேறு தடையில்லாத எங்கள் கரையோர ஊர்களில் அதன் அலைகளைப் பிடிக்க முடிந்தது. காற்றடங்கிய வெம்மையான மாலைகளில் படம் இன்னும் தெளிவாக இருக்கும். கடலின் மேல் ஈரமும் குளிர்ச்சியும் கொண்ட காற்றடுக்கு ஒன்று படிந்து, அதன் மேல் வெப்பக் காற்று கவிந்துகொள்ளும்போது அலைகள் வானத்துக்குத் தப்பிவிடாமல் வளைந்து தொலைவுக்கு வந்து சேர்கின்றன என்பதைப் பிற்காலத்தில் பாடமாகப் படித்தோம். அப்போது அதைக் கடல்மாதாவின் கருணை என்றே எண்ணியிருந்தோம். பின்னர் கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷனின் கோபுரம் வந்தது. தென்கிழக்கே பிதுருதலாகலை, வடமேற்கே கொடைக்கானல். ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் இரு மலைகள். எங்களிடம் இருந்ததோ ஒரே ஆண்டெனா. ஆகவே அப்பா நாள்தோறும் மாடியேறிக் குழாயைத் திருப்பினார். அவர் மேலிருந்து 'இப்பம் தெரியுதா?' என்பார். நாங்கள் கீழிருந்து 'இல்லப்பா, புள்ளி புள்ளியா இருக்கு' என்போம். எங்கள் தெருவில் மாலை வேளைகளில் எல்லா வீட்டு மாடிகளிலிருந்தும் இதே உரையாடல்தான் கேட்கும்.

வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நாள். அன்று ஆண்டெனா கொடைக்கானலைப் பார்க்கும். ரெக்கார்டிங் கடையில் பாடல் பட்டியல் கொடுத்து நாடாவில் பதிந்து வாங்குமளவு எங்களுக்கு வசதியில்லை. அப்பா டேப் ரெக்கார்டரைத் தொலைக்காட்சியின் முன் ஒரு முக்காலியில் வைத்து, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவார். அந்நேரத்தில் வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. பதிந்தவற்றுள் நல்ல நாடாவாக இருந்தால், அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிடுவார். ஒடித்த நாடாவின் மேல் எவரும் தவறியும் மறுபதிவு செய்ய முடியாது. மோசமாகப் பதிந்தவற்றின் மேல் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பாடல்கள் ஏறிவிடும். நாடா விலை அப்படி. இவ்வாறு பல ஆண்டுகளில் 42 நாடாக்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் எழுதியிருப்பார். பெரும்பாலும் இளையராஜா, இடையிடையே மெல்லிசை மன்னர்.

2004இல் எங்கள் முதல் கணினியை வாங்கினோம். பெண்டியம் 4, 256 எம்.பி. நினைவகம், 40 ஜி.பி. வன்தட்டு. வாங்கிய வேகத்தில் அப்பாவின் நாடாக்கள் அனைத்தையும் கணினிக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தோம். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் பின்புறத்து இளநீலத் துளைக்கு ஒரு கம்பி. அவ்வளவுதான் கருவி. குறுந்தகட்டின் தரத்தில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்குப் பத்து எம்.பி. இடம் வேண்டும், ஒரு மணி நேர நாடாவுக்கு 600 எம்.பி. எங்கள் வன்தட்டு அதைத் தாங்காது. ஆகவே ஒவ்வொன்றையும் பதிந்து, சுத்தம் செய்து, பாடல் பாடலாக வெட்டி, விநாடிக்கு 64 கிலோபிட் எம்பி3 கோப்புகளாக்கிவிட்டு மூலக்கோப்பை அழித்தோம். நாடா ஒன்றுக்கு 29 எம்.பி. கூட ஆகவில்லை. நாற்பது நாடாக்களும் இரண்டு குறுந்தகடுகளுக்குள் அடங்கின. ஒரு மரப்பெட்டியை இரண்டு தகடுகளாகச் சுருக்கிவிட்ட பெருமிதத்தில் சில நாள்கள் மிதந்தோம்.

சுத்தம் செய்தோம் என்றோமே, அதை விளக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி உண்டு. பாடல் இல்லாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று அதற்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அலைவரிசையிலும் அந்த இரைச்சல் எவ்வளவு வலிமையோடு இருக்கிறது என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலும் அந்த அளவுக்குக் கீழே இருப்பவற்றையெல்லாம் ஒடுக்கிவிடும். எம்பி3 செய்வதும் ஒருவகையில் இதே வேலைதான். உரத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லிய ஒலியை நம் செவி உணராது என்ற அடிப்படையில், அந்த மெல்லிய ஒலிக்கு அது இடம் தருவதில்லை. நாங்கள் முதலில் இரைச்சலை நீக்கினோம். பின்னர் நிழலை நீக்கினோம். இறுதியாகப் பாடல்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைக் கத்தரித்து எறிந்தோம். அப்பாவை அழைத்து ஹெட்போனில் கேட்கச் செய்தோம். ஒரு பாடல் முழுவதையும் கேட்டார். 'சுத்தமா இருக்குல்லா' என்றார். அதன் பிறகு அவராக அக்கணினியின் முன் அமர்ந்து பாட்டுக் கேட்டதாக எங்கள் இருவருக்குமே நினைவில்லை. நாற்பது நாடாக்களும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அவர் மறுப்புச் சொல்லவில்லை.

2016இல் அப்பா காலமானார்.

அவர் பதிந்துவைத்த பாடல்களில் அனேகமாக எல்லாமே இன்று கைப்பேசியில் கிடைக்கின்றன. எங்கள் ஒற்றை ஒலிபெருக்கியில் ஒருநாளும் கேட்டிராத பேஸ் கிதார், இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கும் வயலின்கள் எல்லாம் இப்போது கேட்கின்றன. எங்கள் எம்பி3 கோப்புகளை எவரும் இனி விரும்பிக் கேட்க மாட்டார்கள், நாங்களே கேட்பதில்லை. நாங்கள் பாடுபட்டுக் காப்பாற்றியவை காப்பாற்றத் தேவையே இல்லாதவை என்பது மெல்ல விளங்கியது.

2023இல் ஊர் வீட்டை ஒழிக்கும்போது அந்த இரு தகடுகளில் ஒன்று படிக்கக் கிடைத்தது. அதனுள் பாடல்களோடு ஓர் எழுத்துக்கோப்பும் இருந்தது. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. 2004இல் நாங்கள் தட்டச்சுச் செய்தது திஸ்கி குறிமுறையில். எட்டுபிட் அட்டவணையின் மேல்பாதியில் தமிழை அமர்த்திய முறை அது. உரிய எழுத்துரு இல்லையென்றால் ஒன்றும் புரியாது. ஒருங்குறி வந்து நிலைபெற்ற பின் அந்த எழுத்துருக்களை நாங்களும் கைவிட்டிருந்தோம். மாற்றியைத் தேடிப் பிடித்து ஓட்டினோம். நாற்பது நாடாக்களின் பட்டியல் தமிழாக எழுந்து நின்றது. கடைசி வரி எங்கள் இருவரில் ஒருவர் எழுதியது: 'மேலும் இரண்டு நாடா. இரைச்சல் மிகுதி, தேவையில்லை.'

அந்த இரண்டையும் நாங்கள் கணினிக்கு மாற்றவில்லை. அப்படியானால் எறியவும் இல்லையா? வீடு முழுதும் தேடினோம். அப்பாவின் மேசை அறையில், பழைய ரசீதுகளுக்கு அடியில் இருந்தன. ஒன்றில் பூஞ்சை படர்ந்து நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. மற்றொன்றின் மேல் அவர் கையெழுத்து: '23.11.90. ஒலியும் ஒளியும். சரியில்லை.' நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டிருந்தது. திருகுகள் கொண்ட வேறொரு கூட்டை வாங்கி, சுருளை அதற்குள் மாற்றினோம். டேப் ரெக்கார்டரின் ரப்பர் பட்டை தார்போல் உருகியிருந்தது. அதையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு வாரங்கள் ஆயின.

பதிவின் நீளம் நான்கு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதல். ஒரு பாடலின் தொடக்க இசை வருகிறது. பல்லவி தொடங்கும்போது சடாரென்று இரைச்சல் மூடிக்கொள்கிறது. நாற்காலி நகரும் ஓசை. பொத்தானை அணைக்க மறந்து அப்பா மாடிக்கு ஓடியிருக்கிறார். இரும்புக் குழாய் சுவரில் உரசுகிறது. பிறகு மிகத் தொலைவிலிருந்து அவர் குரல்: 'இப்பம் தெரியுதா?' எங்கள் இருவரின் கீச்சுக்குரல்கள் ஒருசேர: 'இல்லப்பா, புள்ளி புள்ளியா இருக்கு.' உரசல். 'இப்பம்?' 'இல்லப்பா.' இப்படி ஐந்தாறு முறை. பிறகு அம்மாவின் குரல், மிக அருகில், உரக்க: 'தெரியுது, தெரியுது. நீங்க எறங்கி வாங்க.' உடனே எங்களில் ஒருவர்: 'எங்கம்மா தெரியுது?' அம்மா தாழ்ந்த குரலில்: 'சும்மா இருலே.'

இங்கேதான் நாங்கள் பதிவை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா 'தெரியுது' என்று சொன்ன பிறகும் இரைச்சல் ஓர் இழைகூடக் குறையவில்லை. கணினித் திரையில் ஒலியின் அலை வரைபடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரே தடிமனில் அது ஓடுகிறது. படம் தெரியவில்லை. அம்மா பொய் சொல்லியிருக்கிறார். அதற்குச் சாட்சி அந்த இரைச்சல் ஒன்றுதான். 2004இல் இந்த நாடாவையும் சுத்தம் செய்திருந்தால், படம் தெளிந்துவிட்டது என்றே என்றைக்கும் நம்பியிருப்போம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் பெரிய ஆண்டெனாவில் நீங்காத ஓர் இரைச்சலைக் கண்டனர். அதற்குள் கூடுகட்டியிருந்த புறாக்களின் எச்சமே காரணம் என்று கருதித் துடைத்தெடுத்தும் பார்த்தனர். இரைச்சல் போகவில்லை. பேரண்டம் தோன்றிய காலத்தின் வெப்பம் விட்டுச்சென்ற கதிர்வீச்சே அது என்று பின்னர் தெரிந்தது. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய தொலைக்காட்சியில் நிலையம் கிடைக்காதபோது தெரியும் புள்ளிகளிலும் அக்கதிர்வீச்சின் ஒரு சிறு பங்கு உண்டு. எங்கள் கண்டுபிடிப்பு அவ்வளவு பெரிதன்று. ஆனால் அவர்கள் துடைத்த பின்னும் இரைச்சல் எஞ்சியது. எங்களுடைய நாற்பது நாடாக்களில் அது எஞ்சவில்லை.

அம்மாவிடம் பதிவைப் போட்டுக் காட்டினோம். அப்பாவின் குரல் வந்தபோது கலங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, முழுதும் கேட்டார். 'ஏம்மா தெரியுதுன்னு சொன்னீங்க?' என்று கேட்டோம்.

'மழ பெய்ய ஆரம்பிச்சிட்டுல்லா. கைப்பிடிச் சுவரே இல்லாத மாடி. வழுக்கி விழுந்தா யாரு பாக்கது? பாட்டு அடுத்த வாரமும் வரும்.'

மழையா? மறுபடியும் கேட்டோம். தொலைக்காட்சியின் இரைச்சல் என்று நாங்கள் எண்ணியதில் ஒரு பகுதி, கூர்ந்து கேட்டால், வெளியே பெய்துகொண்டிருந்த கார்த்திகை மழை. எது எதுவென்று இன்றும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

'அப்பா வந்து பார்த்துட்டு என்ன சொன்னாங்க?'

'ஒண்ணுஞ் சொல்லல. தலையத் தொவட்டிட்டுச் சாப்பிட வந்துட்டாங்க.'

அதன்பின் எஞ்சியிருந்த எம்பி3 கோப்புகளை ஒவ்வொன்றாக, ஹெட்போனில், பாடலை விட்டுவிட்டுப் பாடலின் அடியில் கேட்டோம். ஓரிடத்தில், சரணத்துக்கு முந்தைய இசையின் கீழே, தண்ணீருக்குள் யாரோ பேசுவதைப் போல ஏதோ குமிழியிடுகிறது. அது அம்மாவாக இருக்கலாம். அடுத்த வீட்டு வானொலியாகவும் இருக்கலாம். நாங்கள் அப்போது தட்டிய இரண்டு பொத்தான்கள் அதை அறியவொண்ணாததாக்கிவிட்டன. எந்த மென்பொருளாலும் இனி அதை மீட்க முடியாது. அங்கே மீட்பதற்கு எதுவும் இல்லை.

1990 நவம்பரின் அந்த நான்கு நிமிடங்களை மட்டும், எதையும் நீக்காமல், இழப்பற்ற வடிவத்தில் மூன்று இடங்களில் சேமித்துவைத்திருக்கிறோம். கோப்பின் பெயர், அப்பா எழுதியபடியே, 'சரியில்லை.'

பழைய கூட்டை எறியப்போகும்போதுதான் கவனித்தோம். சரியில்லை என்று எழுதிய அந்த நாடாவின் மேல் விளிம்பிலும், இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் அப்பா ஒடித்துவைத்திருந்தார்.