எண்ணெய் எதை இழுக்கும்?

'ஆயில் புல்லிங்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் என்று முதுகலை மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார். 'எண்ணெய் கொப்பளித்தல்' என்றோம். "இழுப்பது எங்கே போயிற்று ஐயா?" என்றார். வினா நியாயமானதே. எண்ணெயைப் பல்லிடுக்குகளின் வழியே இழுத்து அலசுவதையே அந்த 'இழுத்தல்' குறிக்கும். நம் மக்களோ, உடம்பிலுள்ள நோயை எண்ணெய் இழுத்து வெளியே தள்ளுவதாகப் பொருள் கொண்டுவிட்டனர். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு வழுக்கிச் செல்வதால் என்ன கெட்டுவிடும் என்று எண்ணுவோர் எம் அத்தையின் கதையைக் கேட்கலாம். அதற்குமுன் நூல்வழக்கைச் சிறிது பார்ப்போம்.

சரக சங்கிதையின் சூத்திரத்தானத்தில், அன்றாட ஒழுக்கம் கூறும் ஐந்தாம் அதிகாரத்தில், எண்ணெயை வாயில் ஏந்தும் முறை பேசப்படுகிறது. தாடை வலுப்பெறும், குரல் உரம் பெறும், தொண்டை வறளாது, இதழ் வெடிக்காது, புளிப்பால் பல் கூசாது எனப் பயன்கள் அடுக்கப்படுகின்றன. மார்கழிக் குளிரில் இதழ் வெடிக்க நின்றும், கோடையில் செங்காய்ப் பிளம்ஸைக் கடித்துப் பல் கூசியும் பழகிய கொடைக்கானல்வாசிகளுக்குக் கடைசி இரண்டும் உடனே விளங்கும். வாய் நிறைய, அசைக்க இயலாதபடி ஏந்துவது கண்டூடம். அசைத்து அலசுமளவு கொள்வது கவளம். யானைக்கு ஊட்டும் சோற்றுருண்டையையே கவளம் என்று அறிந்த நமக்கு இது சிறு வியப்பு. இன்று பலரும் செய்வது இரண்டாவதே.

இவ்வளவு பழைய வழக்கம் நம்மிடம் மீண்டு வந்தது உக்ரைன் வழியாக என்பதுதான் வேடிக்கை. 1990களில் கராச் என்னும் உக்ரைன் மருத்துவரின் பெயரால் துண்டறிக்கைகள் பரவின. அவர் பெயரால் சொல்லப்பட்டது சூரியகாந்தி எண்ணெய். நாம் நல்லெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டோம். (மலையில் அதுவே வசதி. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலின் காலைப்பொழுதில் அதைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.) தலைவலி முதல் புற்றுநோய்வரை எல்லாம் தீரும் என்றன அவ்வறிக்கைகள். பழனியடிவாரத்தில் நமக்குக் கிடைத்த ஒன்றில் போகர் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. போகர் பாவம், எந்தப் புட்டியை விற்கவும் அவர்தாம் வரவேண்டியிருக்கிறது.

அத்தைக்கு ஊர் தாண்டிக்குடிப் பக்கம். காபித் தோட்ட வேலை. அத்தகைய துண்டறிக்கை ஒன்றை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். விடியலில் எழுந்து ஒரு கரண்டி நல்லெண்ணெயை வாயிலிட்டு, அடுப்பு மூட்டி, முற்றம் பெருக்கி முடிக்கும்வரை பேசமாட்டார். அந்த இருபது நிமிட அமைதியே எண்ணெயின் தலையாய பயன் என்பார் மாமா. ஈறுகள் உண்மையாகவே நன்றாக இருந்தன. 2009இல் எஸ். அசோகனும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வொன்றில், ஈறு வீங்கிய 20 சிறுவர்களுள் பாதிப்பேருக்கு நல்லெண்ணெயும் பாதிப்பேருக்குக் குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்துநீரும் கொடுத்துப் பார்த்தனர். இரு சாராருக்கும் பற்படலமும் ஈறழற்சியும் குறைந்தன. இருபது பேரைக்கொண்டு ஊரை அளக்கலாகாது. ஆயினும் அத்தையின் ஈறு பொய்யன்று.

சில ஆண்டுகளுக்குமுன் அவருக்குக் கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, வேரில் சீழ் கட்டியது. எண்ணெயை இருவேளையாக்கினார். "எண்ணெ இழுத்துரும் மாப்ள, நாலு நாள் பொறு" என்றார் தொலைபேசியில். ஐந்தாம் நாள் தாடை வீங்கி, நாவின் அடிப்புறம் கெட்டிப்பட்டு, எச்சிலை விழுங்க இயலவில்லை. இரவோடிரவாக ஜீப்பில் மலையிறங்கி, வத்தலக்குண்டைக் கடந்து மதுரை சேர்ந்தோம். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் வீக்கம் மூச்சையே அடைத்திருக்கும் என்றார் மருத்துவர். அலசும் எண்ணெய் பல்லின் மேற்பரப்பையும் ஈற்றோரத்தையும் தொடும். எனாமலைத் துளைத்து வேருக்கு இறங்கிய கிருமியை அது எட்டாது. சீழை வெளியேற்ற வழி செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும்.

அத்தையைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. ஒரு பல்லுக்காக ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து, மலையிறங்கி ஏறவேண்டிய ஊரில், அடுப்படியில் இருக்கும் எண்ணெயே மருத்துவராகிவிடுகிறது. கோபமெல்லாம் புற்றுநோயையும் அதே கரண்டியில் தீர்த்துவைத்த அந்தத் துண்டறிக்கையின் மீதுதான். வாயிலிட்ட எண்ணெய் தவறி மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சி கண்டோர் பற்றியும் மருத்துவ இதழ்கள் எழுதியுள்ளன. எந்தத் துண்டறிக்கையிலும் நாம் அதைக் கண்டதில்லை.

பல் போனபின் அத்தை மருத்துவரிடம் கேட்ட முதற்கேள்வி, எண்ணெயைத் தொடரலாமா என்பதே. தொடரலாம், விழுங்கக் கூடாது, பிரஷ்ஷால் துலக்குவதை விடக் கூடாது என்றார் அவர். இப்போது விடியலில் எண்ணெய், பிறகு பற்பசை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வத்தலக்குண்டில் பல் மருத்துவர். அந்தப் பயணச் செலவை மாமா தம் குறிப்பேட்டில் எண்ணெய்ச் செலவின் கீழேயே எழுதி வருகிறார்.