மூன்றாவது டை

டை என்றால் வங்கிக்காரனுக்குக் கழுத்தில் கட்டுவது. நாற்பதைத் தாண்டியவனுக்குத் தலையில் பூசுவது (நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை, நம்புங்கள்). டெக்ஸாஸ் வந்தபிறகுதான் மூன்றாவதாக ஒரு டை இருப்பது தெரிந்தது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவருகிற எஃகு அச்சு அது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமெல்லாம் லேத்தில் நின்றவர். அவர் கராஜில் இந்த டைகள் டப்பா டப்பாவாக இருக்கின்றன. இப்போது அவருக்கு விரல் நடுங்குகிறது. சின்னச் சின்ன மரைகளைக் கழற்ற ஆள் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை நான் போகிறேன். சுடுவதில் எனக்கு ஆசை கிடையாது, கழற்றி மாட்டுவதில் உண்டு. தங்கமணிக்கு இதில் சம்மதமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் இதுதான். சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. டைக்குள் அழுத்தினால் மறுபடி சுருங்கி அளவுக்கு வருகிறது. டைக்குள் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், போகிற ஒவ்வொரு கூட்டிலும் அதே இடத்தில் நீளவாக்கில் கீறல் விழும். நம்ம பாஷையில் சொன்னால், மாஸ்டரில் வட்டி விகிதத்தைத் தப்பாக ஏற்றின மாதிரி. ஆயிரம் கணக்கிலும் அதே தப்பு.

சுத்தம் செய்வது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. லாக் ரிங்கைத் தொடாமல் (தொட்டால் செட்டிங் போச்சு, பெரியவர் முறைப்பார்) நடுத்தண்டை மட்டும் கழற்ற வேண்டும். அதன் நுனியில் பழைய பிரைமரைத் தள்ளுகிற ஊசி, கொஞ்சம் மேலே ஒரு குமிழ். எல்லாவற்றையும் மினரல் ஸ்பிரிட்ஸில் ஊறப்போட்டு, நைலான் பிரஷ் விட்டுத் தேய்த்து, வெள்ளைத்துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் சில சமயம் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். பித்தளையே சுவரில் அப்பிக்கொண்டது அது. அதற்குத் துணி போதாது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கார்பைடு வளையம் வைத்த டை என்றால் கீழே போடக்கூடாது, கண்ணாடி மாதிரி விரிசல் விடும்.

கடைசியில் லேசாக எண்ணெய். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு எண்ணெய் இல்லாமல் வைத்தால் துருதான். ஆனால் மறுபடி வேலைக்கு எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் அமுங்காது, போக இடமில்லாமல் கூட்டின் தோளில் பள்ளம் போட்டுவிடும்.

நிற்க. இந்தத் துணி கறுப்பாக வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹனூர் ஞாபகம் வரும்.

2005-ல் ஒரு அரசு வங்கியில் ஆபீஸராகச் சேர்ந்து நான் போன முதல் கிளை ஹனூர். 1956 வரை அந்தக் கொள்ளேகால் தாலுக்கா நம்ம கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் ஜில்லா, 1997 முதல் சாமராஜநகர். மார்டள்ளிப் பக்கமிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் தமிழிலேயே பேசுவார்கள். வீரப்பன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1992-ல் பக்கத்து ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கி ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்று, துப்பாக்கிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2002-ல் காமகெரெயில் வீட்டிலிருந்து கடத்தப்பட்ட முன்னாள் மந்திரி நாகப்பா பிணமாகத்தான் கிடைத்தார். ஆறு மணிக்கு மேல் அந்த ஊர் பேச்சையே குறைத்துக்கொள்ளும்.

எங்கள் கார்டு பட்டாளத்திலிருந்து வந்தவர். பன்னிரண்டு போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை செய்தால் ஒரு உருண்டை எத்தனை பருமனோ, அதுதான் குழலின் விட்டம், சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சனிக்கிழமை கவுண்டர் மூடியதும் புல்துரூ கயிற்றில் சிந்தித்துணி கட்டி இழுப்பார். ஐந்து தோட்டாக்களையும் மேஜையில் நிறுத்துவார். நான் எண்ணி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்டோபர் மழையில் ஒரு சனிக்கிழமை, "சார், நாலுன்னு எழுதுங்க," என்றார்.

"அஞ்சு இருக்கே அண்ணா?"

"இருக்கு சார். இது உள்ளே போகாது. காகிதக் கூடு, ஊறிப்போச்சு. அவசரத்துல இதைப் போட்டு நுழையலைன்னா நானும் போயிடுவேன், நீங்களும்தான்."

தட்டி நுழைக்கலாமே என்று மேனேஜர் சொன்னார். உயிருள்ள தோட்டாவைத் தட்டக்கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கார்டு. ரெஜிஸ்டரில் "கைவசம் ஐந்து, பயன்படுவது நான்கு" என்று எழுதினேன். அப்படி எழுத அந்த ரெஜிஸ்டரில் கட்டமே இல்லை. மேலிடத்துக்குக் கடிதம் போட்டு, மாற்றுத் தோட்டா வர நான்கு மாதம் ஆனது. அதுவரை அவர் நான்கை நம்பித்தான் வாசலில் நின்றார்.

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ன்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகச் செய்ய உரிமை வந்துவிடாது. இங்கே சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய லைசென்ஸே வேண்டாம். நடைபாதையில் நின்று பார்த்தால் சாதாரணக் கராஜ், அவ்வளவுதான்.

தங்கமணியின் கவலை அதுதான். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிரைமரில் ஈயம் உண்டு. பழைய பிரைமரைத் தள்ளும்போது உதிர்கிற கறுப்புத் தூள்தான் டையைத் துடைக்கும் துணியில் வருகிறது. அது விரலில் ஒட்டி வீட்டுக்கு வந்தால் குழந்தைக்குத்தான் முதல் கேடு. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கச் சொல்லி 2021-ல் இங்குள்ள சிடிசி அளவைக் குறைத்தது. முன்பு அது 5.

ஆகவே ஒப்பந்தம்: கையுறை, கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும், அந்தச் செருப்பு வீட்டுக்குள் வராது, சட்டை தனியாகத் துவைக்க வேண்டும், சோப்பு போட்டுக் கை கழுவாமல் மகளைத் தூக்கக்கூடாது. மகளுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்தோம், ஒன்றுக்கும் கீழே.

இன்னொன்றும் தங்கமணி ஆரம்பித்ததுதான். மகள் விளையாடப் போகிற எந்த வீட்டிலும் முதலில் கேட்டுவிடுகிறாள்: துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா, தோட்டா வேறு இடத்தில் இருக்கிறதா? நம்மவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், ஏதோ சம்பளம் விசாரிக்கிற மாதிரி. பெரியவரிடமும் கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கராஜ் பின்பக்கம் கூட்டிப்போய் இரண்டு பெட்டி, இரண்டு சாவி காட்டினார்.