கியர் உறை

என் மாருதி 800 ஒரு கிழவி. அந்த ரக வண்டியின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. அதன் கியர் உறை கிழிந்து, திருப்பூர்ப் புழுதி அதில் குடியேறியது. நானே மாற்றுவதென்று துணிந்தேன். குமிழை இடப்புறமாகத் திருகிக் கழற்றி, உறையின் விளிம்பை நெம்பி எடுத்தேன். அத்தோடு என் வித்தை தீர்ந்தது.

எதிர்வீட்டு அம்மாள் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். பழைய உறையைத் தையல் பிரித்து, அதையே அளவாக ரெக்ஸின்மேல் வைத்து வெட்டினாள்; உட்புறம் தைத்துப் புரட்டிக் கொடுத்தாள். பத்தே நிமிஷம்!

"எவ்வளவு தரட்டும், அம்மா?" என்றேன்.

"பீஸ் ரேட்டெல்லாம் கம்பெனியிலதானுங்கண்ணா. எதுத்த வூட்டுக்குமா?"

பக்கத்துக்கு இத்தனை என்று பேரம் பேசுகிற எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே, சன்மானம் தர வழியில்லாத ஒரு சிறுபத்திரிகைக்குக் கதை எழுத உட்கார்ந்தேன்.