எட்டு ஜிபியா, பதினாறு ஜிபியா?

எங்க ஊர் வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கத்தில். இந்தப் பெயரை எங்கேயாவது கேள்விப்பட்டிருந்தால், அநேகமாக 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியதால் இருக்கும். கற்கருவிகள் கிடைத்தன என்று பேப்பரில் படமெல்லாம் போட்டார்கள். ஆக, எந்தக் கருவியை எடுக்கலாம் என்று இந்த ஊரில் உட்கார்ந்து யோசித்த முதல் ஆள் நான் கிடையாது. ஆனால் அதற்கு ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும் :-)

விஷயம் இதுதான். 2024-இல் +2 முடித்துவிட்டு டிப்ளமோ ஈ.சி.ஈ.யில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் இல்லாமல் ஓட்ட முடியாது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி என் செட்டுக்கு வரவில்லை, அதற்குச் சில வருஷம் முன்பே திட்டம் நின்றுபோயிருந்தது. (2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். நான் அதற்கு முந்தின வருஷமே வாங்கிவிட்டேன். என் ராசி அப்படி.)

அக்கா சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் மாறிமாறி வரும். கம்பெனி பஸ்ஸை நம்பாமல் போய்வர ஒரு ஸ்கூட்டி வாங்க வேண்டும் என்று சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சீட்டை எடுத்து 35,000 ரூபாயை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் சேர்த்து வைத்திருந்தது 5,000. மொத்தம் 40,000. ஒரு ரூபாய்கூட அதிகம் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். டெல் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் 2007-இலேயே தொழிற்சாலை தொடங்கியது. எச்பி-யும் 2021-இல் ஸ்ரீபெரும்புதூரில் லேப்டாப் தயாரிப்பதாக அறிவித்தது. எங்க ஊரைச் சுற்றித்தான் இதெல்லாம் நடக்கிறது. ஆனால் ஒன்றே ஒன்று வாங்க நானும் அக்காவும் பஸ் பிடித்து தாம்பரம் போய், அங்கிருந்து மின்சார ரயில் ஏறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்.

எனக்குச் சின்னதாக வேண்டும். காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது லாட்டரி மாதிரி. நின்றுகொண்டே போகும்போது பையை முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். பெரிய லேப்டாப் என்றால் பக்கத்தில் நிற்பவர் திட்டுவார். அதனால் ஒன்றேகால் கிலோ சொச்சத்தில் ஒரு மாடலைப் பார்த்து வைத்திருந்தேன். அது கடையில் இருந்தது. ஆனால் ரெண்டு விதமாக இருந்தது. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். அதே பிராசஸர், அதே ஸ்கிரீன், அதே கலர்.

முதலாவது: 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 போட்டே வரும். விலை 39,500.

இரண்டாவது: 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கிடையாது, ஃப்ரீடாஸ்தான். விலை 41,500.

நான் முதலாவதைக் கையில் எடுத்துவிட்டேன். பட்ஜெட்டுக்குள் வருகிறது, இடம் இரண்டு மடங்கு, விண்டோஸ் இருக்கிறது, 500 ரூபாய் மிச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைக்கார அண்ணனும் "தம்பி, ஸ்டூடன்ட்டுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார்.

அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, இதுல ரேமு ஸ்லாட்டுல இருக்குதா, போர்டுல இருக்குதா?"

அண்ணன் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, "போர்டுலதான்மா. ரெண்டுலயும் ஸ்லாட் கிடையாது" என்றார்.

அக்காவின் வேலையே போர்டு பார்ப்பதுதான். சிப்பெல்லாம் வைத்து சூளை மாதிரி மெஷினுக்குள் போய் வெளியே வரும் போர்டுகளை லைனில் நின்று செக் பண்ணுவாள். அவள் எனக்குச் சொன்னது: "இந்த மாதிரி சிப்புக்கு அடியில புள்ளி புள்ளியா சோல்டர் இருக்கும். கண்ணுக்கே தெரியாது, எக்ஸ்ரே வச்சுத்தான் பாக்கணும். தப்பா ஒட்டினத எடுத்துட்டு வேற போடறதுக்கே எங்க கம்பெனியில தனியா மெஷின், தனியா ஆளு. நீ என்னா பண்ணுவ, ஸ்க்ரூ டிரைவர வச்சுக்கிட்டு? ஒட்டினா ஒட்டினதுதான்டா. எஸ்எஸ்டி அப்படி இல்ல, ஒரே ஒரு ஸ்க்ரூ."

அன்றைக்கு ரெண்டையும் வாங்கவில்லை. இரண்டாவதுக்கு 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். ரயிலில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அக்கா ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கு வீட்டில் ஒரு சாட்சி இருந்தது. அவள் +2 படித்தபோது கிடைத்த அரசு மடிக்கணினி. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தொடங்கியது. அப்போது கொடுத்த கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எது வேண்டுமோ அதில் திறந்துகொள்ளலாம். அக்காவுக்கு வந்ததிலும் ரெண்டு இருந்தது. ஆனால் வந்த வாரமே ஒரு கடையில் கொடுத்து, லினக்ஸை அழித்துவிட்டு "ஃபுல்லா விண்டோஸ்" போட்டு வாங்கிக்கொண்டாள். அவள் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். போகப்போக அது ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. தூக்கிப் போடலாம் என்று இருந்தபோது, யாரோ சொல்லி, பழைய 4 ஜிபி ரேம் ஒன்றை வாங்கி ஸ்லாட்டில் செருகினோம். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஓடியது. ஸ்லாட் இருந்ததால் பிழைத்தது.

அட்வான்ஸ் கொடுத்தது ஆடி மாசம். இன்னும் 1,500 ரூபாய் தேவை. எனக்குத் தெரிந்த ஒரே வழி கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போவது, ஒரு முகூர்த்தத்துக்கு 500 ரூபாய். ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? ஆவணி வரை காத்திருந்தேன். அந்த நாட்களில் இதைப் பற்றிக் கண்டபடி படித்தேன். அப்போதுதான் எனக்கு முன்னால் உலகமே இதே குழப்பத்தில் இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

2007 கடைசியில் ஆசுஸ் கம்பெனி ஈ பிசி 701 என்று ஒன்றை விட்டது. 7 அங்குல ஸ்கிரீன், 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பிடம், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, உள்ளே லினக்ஸ். நெட்புக் என்று எல்லாரும் பேச ஆரம்பித்தது அதிலிருந்துதான். அடுத்த வருஷம் வந்த ஈ பிசி 900 ரெண்டு விதமாக வந்தது. லினக்ஸ் உள்ளதில் 20 ஜிபி, விண்டோஸ் எக்ஸ்பி உள்ளதில் 12 ஜிபி. பல நாடுகளில் ரெண்டுக்கும் ஒரே விலை! அதாவது விண்டோஸ் வேண்டும் என்றால் 8 ஜிபியை விட்டுக்கொடுக்க வேண்டும். என் லேப்டாப் கதையேதான். என்ன, இதில் எக்ஸ்பிக்குப் பதில் பதினொன்று.

அங்கே ஜெயித்தது யார் என்றால் எக்ஸ்பிதான். மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி மலிவு விலைக் கணினிகளுக்காகவே எக்ஸ்பி ஹோமை 2010 வரை விற்க அனுமதித்தது. 2009 வாக்கில் கடைக்கு வந்த நெட்புக்கில் பெரும்பாலானவற்றில் எக்ஸ்பிதான் இருந்தது. ஜனங்களுக்குப் பழகியது வேண்டும். அக்கா பாஸ் லினக்ஸை அழித்த மாதிரிதான். அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் சாப்ட்வேர். இன்றைக்கு ஒன்றைப் போட்டு நாளைக்கு இன்னொன்றுக்கு மாறலாம். என் கண்ணுக்கு முதலில் பட்டது விண்டோஸும் 512-உம். ரெண்டுமே பிற்பாடு மாற்றிக்கொள்ளக் கூடியவை. மாற்றவே முடியாதது ரேம் மட்டும்தான். அது என் கண்ணில் படவேயில்லை.

ரேமை ஒட்டுவது கம்பெனிக்காரனின் கஞ்சத்தனம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஒல்லியான லேப்டாப்புகளில் போடும் ரேம் மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை. அது சிப்புகளாகப் பக்கத்திலேயே ஒட்டப்படுவதால் இடமும் மிச்சம், பேட்டரியும் தாங்கும். எனக்கு ஒன்றேகால் கிலோவில் வேண்டும் என்று நான்தானே கேட்டேன்? அதற்கான விலைதான் அது. தவிர, இந்த மாதிரி லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஸ்கிரீனுக்குத் தேவையான மெமரியும் அதே ரேமிலிருந்துதான் போகும். 8 என்று போட்டிருந்தாலும் நமக்கு 8 கிடைக்காது.

மூன்று முகூர்த்தம் பரிமாறினேன். (சாம்பார் வாளியின் கனத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) ஆவணிக் கடைசியில் போய் மீதியைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை வாங்கிவந்தேன். அன்று ராத்திரியே பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டு ஏற்றினேன். 256 என்று அட்டையில் இருந்தது உள்ளே 238 என்று காட்டியதும் பகீரென்றது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். அது கணக்கு போடும் முறையில் உள்ள வித்தியாசம்தானாம். அட்டையில் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கணினி 1024 ஆகப் பெருக்குகிறது.

சரி, சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டால், முக்கால்வாசி.

பட்ட கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 8051 மைக்ரோகன்ட்ரோலர் லேபுக்கு கெய்ல் வேண்டும். அது விண்டோஸில்தான் ஓடும். நான் எஸ்டிசிசி என்ற இலவச கம்பைலரை வைத்து வீட்டில் பழகிக்கொண்டு, ரெக்கார்டுக்கு லேபில் உட்கார்ந்து மறுபடி செய்தேன். எல்லாம் ரெண்டு தடவை. 2025-இல் ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு வந்தது. அதற்கான சாப்ட்வேர் விண்டோஸைத் தவிர வேறெதிலும் திறக்கவில்லை. அது எனக்குத் தேர்வு தொடங்க நாற்பது நிமிஷம் முன்னால்தான் தெரிந்தது. பக்கத்துத் தெரு நண்பன் வீட்டுக்கு ஓடி அவன் கணினியில் எழுதினேன். அன்றைக்கு அவன் வீட்டில் இல்லாமல் போயிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இதற்கு லினக்ஸ் காரணம் இல்லை, முன்னாடியே திறந்து பார்க்காத நான்தான் காரணம்.

இன்னொன்று. "எஸ்எஸ்டியைப் பிற்பாடு பெரிசாக மாற்றிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 2025 கடைசியில் மெமரி, எஸ்எஸ்டி எல்லாமே விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வாரிக்கொண்டு போகிறார்களாம். மாற்ற முடியும் என்பது நிஜம்தான், அதே விலைக்கு மாற்ற முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்து அதே மாடலில் முதலாவதை வாங்கிய என் வகுப்பு நண்பன் ஒருவன் இருக்கிறான். கெய்ல் அவனுக்கு ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் பிராஜெக்ட்டுக்காக பிரவுசர், பைத்தான், கிகாட் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் திணறுகிறது. ரேம் ஏற்றலாம் என்று கடைக்கு எடுத்துப் போனான். அங்கே சொன்ன பதில் உங்களுக்கே தெரியும்.

அதற்காக எல்லாரும் இரண்டாவதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல் படிக்கிற நண்பன் கேட்டான். அவனுக்கு ஆட்டோகேட் வேண்டும், அது லினக்ஸில் வராது. அவனுக்கு விண்டோஸ் போட்டதைத்தான் எடுக்கச் சொன்னேன், ஆனால் ஸ்லாட் உள்ள கொஞ்சம் தடியான மாடலில். எடை கூடுதல்தான், திட்டு வாங்கட்டும்.

நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே மாடல் ரெண்டு விதமாக வந்தால், எதில் அதிகம் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், எதெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். விவரக் குறிப்பில் 'ஆன்போர்டு' அல்லது 'சோல்டர்டு' என்று இருந்தால் அது ஆயுளுக்கும் அப்படியேதான். காசைக் கொண்டுபோய் அதில் போடுங்கள். மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா இன்னும் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த லேப்டாப்பில் எக்செல் மாதிரி இருக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பழகுகிறாள், லைன் லீடர் வேலைக்கு அது தெரிய வேண்டுமாம். "இது ஏன்டா எக்செல் மாதிரியே இல்ல?" என்று திட்டிக்கொண்டேதான் பழகுகிறாள். புதுசாக ஒரு சீட்டும் போட்டிருக்கிறாள். முகூர்த்தத்துக்குப் போய்வந்தால் நானும் அதில் கொஞ்சம் கட்டுகிறேன். ஸ்கூட்டி வாங்கப் போகும்போது அதிலும் ரெண்டு மாடல் காட்டுவார்கள். அங்கே கேள்வி கேட்பது என் முறை.